எட்டாம் தொகுதியில் நின்றுவிட்டவருக்கு

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து எழுதும் நீங்கள், உங்கள் அக்காள் மகன் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்த ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற பதினான்கு தொகுதி ஃபேன்டஸி வரிசையை, வேலை முடிந்து வந்த இரவுகளில் இரண்டு ஆண்டுகளாகப் படித்து வந்திருக்கிறீர்கள். 7 தொகுதிகளை முடித்து, எட்டாவதன் நடுவில் நான்கு மாதங்களாக நிற்கிறீர்கள். முன்கதைத் தொகுதியிலிருந்து தொடங்கியிருந்தால் இந்தச் சலிப்பு வந்திருக்காது என்கிறார் அக்காள் மகன். பதினான்கையும் முடிக்காவிட்டால் படித்ததாகவே கணக்கில்லை என்கிறார் உங்களுடன் வேலை செய்பவர். நீண்ட ஃபேன்டஸி வரிசை ஒன்றை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதற்கு முறை ஏதாவது உண்டா என்பது நீங்கள் எழுத்தில் கேட்ட கேள்வி. ஆனால் இதுவரை செலவிட்ட இரவுகள் வீண்தானா என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் இலக்கிய ஆய்வாளன் அல்லன். டர்பனில் ஒரு கிளை நூலகத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் நான் சொல்லப்போவதில் மூன்று தரம் உண்டு. கலந்துவிடாமல் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். எந்தத் தொகுதி எந்த ஆண்டில் வந்தது, யார் எழுதியது என்பவை உறுதியானவை. எந்தத் தொகுதியில் கதை தொய்கிறது என்பது பெரும்பாலான வாசகர்கள் ஒத்துக்கொள்வது. ஆனால் அது கணக்குப்போல உறுதியானதன்று. எங்கே நிறுத்தலாம் என்பது முழுக்க என் கருத்து.

அந்தக் கருத்துக்கும் ஒரு சிறிய ஆதாரம் உண்டு. கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் ஒரு தேதிச் சீட்டு ஒட்டி, இரவல் கொடுக்கும்போதெல்லாம் அதில் முத்திரை குத்துவோம். நீண்ட வரிசைகளின் சீட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வாசகர்கள் எங்கே இறங்கிப்போனார்கள் என்பது பேருந்து நிறுத்தங்களைப்போலத் தெரியும். முதல் தொகுதிக்குச் சீட்டின்மேல் சீட்டு ஒட்டியிருப்போம். நான்காவதில் ஒரே சீட்டு பாதி நிறைந்திருக்கும். எட்டு, ஒன்பது ஆகியவற்றில் முத்திரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் நிற்கும் இடத்தில் உங்களுக்கு முன்பே பலர் நின்றிருக்கிறார்கள் என்று நான் சொல்வது அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான். அவை ஒரே ஒரு கிளையின் சீட்டுகள் என்பதையும், மிச்சத்தை விலைக்கு வாங்கிப் படித்தவர்கள் அவற்றில் தெரியமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொடங்கும் இடத்தைப்பற்றி எனக்கு அதிகம் சந்தேகம் இல்லை. கதைக்குள் எந்த நிகழ்ச்சி முந்தியது என்று பார்க்காமல், ஆசிரியர் எந்த நூலை முதலில் வெளியிட்டாரோ அதிலிருந்து தொடங்குவதே நல்லது. ஏனென்றால் வாசகருக்கு இன்னது தெரியும், இன்னது தெரியாது என்று எண்ணிக்கொண்டே ஓர் ஆசிரியர் எழுதுகிறார். அந்தக் கணக்கு வெளியீட்டு வரிசையில்தான் பொருந்தும். சி.எஸ்.லூயிஸின் நார்னியாக் கதைகள் ஏழும் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. உலகம் உண்டாவதைச் சொல்லும் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' 1955-இல் ஆறாவதாக வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பதிப்புகளில் அதற்கு எண் ஒன்று இட்டிருக்கிறார்கள். காலவரிசையில் படிக்க விரும்பிய ஒரு சிறுவனுக்கு 1957-இல் எழுதிய கடிதத்தில் லூயிஸ் அதற்கு இசைவாகவே பதில் சொன்னார் என்பதும் உண்மை. ஆயினும் 1950-இல் வந்த முதல் நூலில் அஸ்லான் என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழும்போது, அது யார் என்று உங்களைப்போலவே அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது என்ற பொருளில் கதைசொல்லி நம்மைப் பார்த்துச் சொல்கிறார். எண் ஒன்று என்று அச்சிட்டதை முதலில் படித்துவிட்டு வருபவருக்கு அந்த வரி பொய்யாகிவிடும். ஆசிரியரே அனுமதித்த வரிசையைவிட அவர் எழுதிய வரியை நான் அதிகம் நம்புகிறேன்.

உங்கள் அக்காள் மகன் சொன்னதற்கும் இதுவே பதில். 'நியூ ஸ்பிரிங்' என்ற அந்த முன்கதை முதலில் 1998-இல் ஒரு தொகைநூலில் குறுநாவலாக வந்து, பிறகு 2004-இல், அதாவது பத்தாம் தொகுதிக்கும் பதினோராம் தொகுதிக்கும் இடையில், விரிந்த நாவலாக வந்தது. மொய்ரெய்ன் யார், அவள் எதைத் தேடிக்கொண்டு, கதை தொடங்கும் கிராமத்துக்கு வந்தாள் என்ற புதிர்தான் முதல் தொகுதியை நகர்த்துகிறது. முன்கதையை முதலில் படித்தால் விடையை வைத்துக்கொண்டு விடுகதை கேட்பதுபோல் ஆகும். நீங்கள் தொடங்கிய இடம் சரியான இடம். சலிப்பு அதனால் வந்ததன்று.

டோல்கீன் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் விலை அதிகமானது. அவர் பிறந்தது நம் தென்னாப்பிரிக்காவில், புளூம்ஃபொன்டெய்னில், 1892-இல். மூன்று வயதில் இங்கிலாந்து போய்விட்டார். (அவர் பிறந்ததற்கு முந்தைய ஆண்டு, 1891-இல்தான், அந்த ஊர் இருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசில் இந்தியர்கள் குடியிருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்த ஊரில் நம்மவர் யாரும் அண்டைவீட்டுக்காரராக இருந்திருப்பது அரிது.) 'தி ஹாபிட்' 1937-இலும், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாகவும் வந்தன. அவர் 1973-இல் இறந்த பின், மகன் கிறிஸ்டஃபர் தொகுத்து 1977-இல் வெளியிட்ட 'தி சில்மரில்லியன்' கதைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் முந்தியது. முறையாகப் படிக்க வேண்டும் என்று அதிலிருந்து தொடங்கிய வாசகர்களை எனக்குத் தெரியும். பெயர்ப்பட்டியல்களில் மூச்சுத் திணறி ஐம்பதாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்தவர்கள், ஹாபிட்டைத் தொடவே இல்லை.

இதற்கு விலக்கு உண்டா என்றால் உண்டு. டெரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள் 1983 முதல் 2015 வரை 41 வந்தன. அவை ஒரே ஏணியின் படிகளல்ல. ஒரே ஊரின் பல தெருக்கள் என்று சொல்லலாம். முதல் இரண்டும் பிறருடைய கதைகளைக் கிண்டல் செய்யும் பயிற்சி நூல்களாகவே எனக்குப் படுகின்றன. நான்காவதாக 1987-இல் வந்த 'மார்ட்' அல்லது எட்டாவதாக 1989-இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' கையில் கிடைத்தால் அங்கேயே தொடங்கலாம். முதல் நூலைக் கொடுத்து இழந்த வாசகர்களை எட்டாவதைக் கொடுத்துத் திரும்பப் பெற்றிருக்கிறேன்.

தவறான இடத்தில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொந்த அனுபவத்தில் அறிவேன். நிறவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த நாளில், எங்கள் வட்டாரத்தில் நாங்கள் நுழையக்கூடிய நூலகம் இரண்டு அறைகள் கொண்டது. அங்கே டோல்கீனின் மூன்று தொகுதிகளில் இரண்டாவது மட்டுமே இருந்தது. பன்னிரண்டு வயதில் அதை எடுத்துப் படித்தேன். முதல் அத்தியாயத்திலேயே போரொமிர் இறக்கிறான். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக மற்றவர்கள் பாடும் இரங்கற்பாட்டை, தெரியாத வீட்டுச் சாவுக்குப் போனவனைப்போல நின்று கேட்டேன். கதை எப்படியோ பிடித்துக்கொண்டது. ஆனால் முதல் தொகுதியில் பாதாளத்தில் விழுந்து போகும் மந்திரவாதி கண்டால்ஃப் இரண்டாவதில் திரும்பி வருகிறார் அல்லவா, அந்தத் திகைப்பு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. எனக்கு அவர் தொலைந்ததே இல்லை. சும்மா வந்து சேர்ந்த ஒரு கிழவர், அவ்வளவுதான். தவறான தொடக்கத்தைத் தாண்டி வந்துவிடலாம், ஆனால் அங்கே இழந்ததைப் பின்னால் போய் எடுத்துக்கொள்ள முடியாது.

இனி நிறுத்துவதைப்பற்றி. முடிக்காவிட்டால் படித்ததாகக் கணக்கில்லை என்று உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தமிழில் படித்து வந்தவர்கள் அதை ஏற்க வேண்டிய தேவையும் இல்லை. வடமொழிப் பாரதத்தில் 18 பருவங்கள். வில்லிபுத்தூரார் பாடியது 10. போர் முடிந்து, இரவில் அசுவத்தாமன் செய்யும் கொலைகள் வரை வரும் சௌப்திக பருவத்தோடு அவர் நூல் நின்றுவிடுகிறது. மிச்சத்தையும் சேர்த்துப் பதினெட்டும் பாட நல்லாப்பிள்ளை வந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பின். ஆனால் வில்லியோடு நின்றுகொண்ட தலைமுறைகளைப் பாரதம் தெரியாதவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. கம்பரும் இராமனுக்கு முடிசூட்டி, வந்தவர்களுக்கு விடைகொடுத்து, ஆறு காண்டங்களோடு முடித்துக்கொண்டார். சீதையை மறுபடி காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டம் வேறொருவர் பாடியது, ஒட்டக்கூத்தர் என்பார்கள். அது வேண்டாம் என்று நம்மில் பெரும்பாலோர் கம்பரோடு நின்றுவிட்டார்கள். எங்கள் இளமையில் திரௌபதை அம்மன் தீமிதியை ஒட்டி விடிய விடியக் கூத்து நடக்கும். 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று இங்கே ஆங்கிலத்தில் சொல்வார்களே, அதுதான். சந்தனு கங்கையைக் கண்ட இடத்திலிருந்து எந்தக் கூத்தும் தொடங்கி நான் பார்த்ததில்லை. சூதாட்டத்தில் தொடங்கும், துகிலுரிதலில் நிற்கும், பொழுது விடியும். பாதிதான் பார்த்தோம் என்ற குறையோடு யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

அதற்காக எந்தப் பக்கத்திலும் மூடிவிடலாம் என்று ஆகாது. வில்லியும் கம்பரும் நின்ற இடங்களைப் பாருங்கள்: தொடக்கத்தில் விழுந்த முடிச்சு அங்கே அவிழ்ந்திருக்கிறது. முதல் தொகுதியில் எந்தக் கேள்வி உங்களைப் பிடித்து உள்ளே இழுத்ததோ, அதற்கு விடை கிடைத்த இடம் எதுவோ, அதுவே நிறுத்தத் தகுந்த இடம் என்பது நான் கண்ட முறை. புதுக் கேள்விகள் அதே தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் முளைக்கத்தான் செய்யும், அடுத்த தொகுதியை விற்க வேண்டுமே. அவற்றை நீங்கள் கேட்கவில்லை, ஆசிரியர் கேட்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இதற்கு முன், கையிலிருப்பது பல நாவல்களா, பல அட்டைகளுக்குள் வெட்டி வைத்த ஒரே நாவலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரே நாவல். போருக்குப் பின் காகிதமும் அச்சுக்கூலியும் ஏறியிருந்ததால் பதிப்பாளர் அதை மூன்றாகப் பிரித்தார். அதன் முதல் தொகுதியோடு நிறுத்துவது, மழைக்கு ஒதுங்கிய இடத்தையே வீடு என்று சொல்வதுபோல. மூன்றையும் படித்தே ஆக வேண்டும், ஆனால் மூன்றாவதன் பின்னிணைப்புகளை விட்டுவிடலாம். அவற்றில் அரகோர்ன், அர்வென் கதையை மட்டும் விடாதீர்கள். ராபின் ஹாப் இதற்கு நேர் எதிர். 1995 முதல் 2017 வரை அவர் எழுதிய 16 நாவல்கள் ஐந்து கொத்துகளாக நிற்கின்றன. ஒவ்வொரு கொத்தும் தானே முடிகிறது. 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' தொடங்கி மூன்று படித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்துவிடலாம், அல்லது உட்கார்ந்தே இருக்கலாம். இரவில் ஒரு மணிநேரம் மட்டுமே கிடைக்கும் உங்களைப் போன்றவருக்கு அடுத்து எதைத் தருவாய் என்று கேட்டால் இதைத்தான் தருவேன்.

ஆசிரியரே தவறிய இடங்களும் உண்டு. அர்சுலா லெ குவின் 'எர்த்ஸீ' கதைகளில் முதல் மூன்றை 1968-க்கும் 1972-க்கும் இடையில் எழுதி முடித்தார். 18 ஆண்டுகள் கழித்து 1990-இல் 'டெஹானு' வந்தபோது, எர்த்ஸீயின் கடைசி நூல் என்று அதற்குத் துணைத்தலைப்பே வைத்தார். பிறகு 2001-இல் இன்னும் இரண்டு வந்தன. மூன்றோடு நிறுத்தினால் ஒரு மந்திரவாதி வளர்ந்து, ஆற்றலின் உச்சியைத் தொட்டு, அதை இழக்கும் முழுக்கதை உங்களுக்குக் கிடைத்துவிடும். நான்காவதைப் படித்தால் அந்தக் கதையை அடுப்படியில் நிற்கும் ஒரு பெண் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டிவரும். நான் முதலில் மூன்றோடு நிறுத்தினேன். ஐம்பது வயதுக்குமேல் நான்காவதைப் படித்து, முன்பே படித்திருக்கலாமே என்று எண்ணினேன். ஆனால் இருபது வயதில் படித்திருந்தால் பிடித்திருக்காது என்றும் தோன்றுகிறது.

எப்போதும் பொருந்தாவிட்டாலும் எனக்கு உதவிய ஓர் அடையாளம் வெளியீட்டு ஆண்டுகள். ஜோர்டனின் முதல் ஆறு தொகுதிகள் 1990 தொடங்கி 1994-க்குள் வந்துவிட்டன. அதன்பின் 1996, 1998, 2000, 2003, 2005 என்று இடைவெளி விரிகிறது. ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்டின் வரிசையும் அப்படியே: 1996, 1998, 2000, பிறகு 2005, 2011, அத்தோடு நிற்கிறது. மூன்று தொகுதிகள் என்று தொடங்கிய திட்டம் ஏழாக வளர்ந்தது. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே நூலாக எழுதத் தொடங்கி, பெருத்துப்போய், பாத்திரங்கள் இருக்கும் இடத்தை வைத்து இரண்டாகப் பிரித்தவை. இடைவெளி விரியும் இடத்தில் கதை ஆசிரியரின் கையைவிடப் பெரிதாகிவிட்டது என்று நான் ஊகிக்கிறேன். எர்த்ஸீயின் 18 ஆண்டு இடைவெளி இந்த ஊகத்தைப் பொய்யாக்கும் என்பதால் இதை விதியாகக் கொள்ள வேண்டாம். மார்டினைத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, மூன்றாவதான 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' வரை தயங்காமல் படியுங்கள், அங்கே ஒரு பெரிய வட்டம் மூடுகிறது என்று சொல்வேன். ஸ்டீவன் எரிக்ஸனின் மலாஸன் வரிசை பத்துத் தொகுதி. அதில் நான் மூன்றாவதோடு நின்றுவிட்டேன். இரண்டாவது தொகுதியே வேறொரு கண்டத்தில், பெரும்பாலும் புதிய மனிதர்களோடு தொடங்குவதைக் கண்டு அயர்ந்தவன் நான். ஆகவே அதன் முடிவைப்பற்றி நான் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இப்போது உங்கள் எட்டாம் தொகுதிக்கு வருகிறேன். ஏழாவதன் முடிவில் எபூ டார் நகரில் இடிந்து விழும் சுவருக்கு அடியில், நாயகர்களில் ஒருவனான மேட் அகப்பட்டுக்கொண்டதை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று தேடிக்கொண்டே எட்டாவதைப் படித்துக்கொண்டிருந்தால், தேட வேண்டாம்: அந்தத் தொகுதி முழுவதிலும் அவன் வரமாட்டான். ஒன்பதாவதில்தான் வருகிறான். உங்கள் சலிப்பில் பாதி இதனால்தான் என்று சந்தேகிக்கிறேன். மிச்சப் பாதிக்குக் காரணம், முதலில் ஐந்தாறு பேராகக் கிராமத்தை விட்டுப் புறப்பட்ட கூட்டம் எட்டாவதற்குள் பத்து ஊர்களில் சிதறிவிட்டது. ஒருவருடைய கதையில் ஓர் அடி எடுத்துவைக்க மற்ற எல்லாருடைய கதைகளிலும் ஓர் அடி நகர்த்த வேண்டியிருக்கிறது. ஏழு அல்லது எட்டிலிருந்து பத்துவரை உள்ள இந்தப் பகுதியை ஆங்கில வாசகர்கள் 'ஸ்லாக்' என்று சேற்றில் நடப்பதைக் குறிக்கும் சொல்லால் சொல்வார்கள். பத்தாவது எல்லாவற்றிலும் மெதுவானது: ஒன்பதாவதன் இறுதியில் நடக்கும் பெருநிகழ்ச்சியைத் தொலைவிலிருந்து உணர்ந்தவர்கள் அந்த நாளில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலேயே அதன் பெரும்பகுதி கழிகிறது.

இந்த வரிசையில் நிறுத்தத் தகுந்த இடங்கள் என்று எனக்குப் படுபவை மூன்றாவதன் முடிவு, ஆறாவதன் முடிவு, ஒன்பதாவதன் முடிவு. மூன்றாவதில், முன்னறிந்து சொல்லப்பட்டவன் நான்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்த இளைஞனுக்கு விடை கிடைக்கிறது. ஆறாவதன் போர்க்களம் முழு வரிசையிலும் கொடியது. அதோடு நிறுத்தியவர்கள் என்னிடம் குறை சொன்னதே இல்லை. இரண்டையும் நீங்கள் தாண்டி வந்துவிட்டீர்கள், ஆகையால் இந்த இரவுகள் வீணா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டு முழுக் கதைகளை முடித்துவிட்டு மூன்றாவதன் நடுவில் நிற்கிறீர்கள் என்பதுதான்.

இன்னொருவர் எழுதி முடித்ததைப் படிக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஜோர்டன் 2007 செப்டம்பரில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதி வைத்திருந்த பகுதிகளையும் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றையும் எழுதினார். அவை 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வந்தன. நடை மாறுவது தெரியத்தான் தெரியும். மேட்டின் கிண்டல், முதலில் வந்ததில், வேறொருவன் வாயிலிருந்து வருவதுபோல எனக்குக் கேட்டது. ஆனால் கதை மீண்டும் ஓடத் தொடங்குகிறது, கடைசித் தொகுதியின் இறுதிப்பகுதி ஜோர்டனே எழுதி வைத்தது. வில்லிக்குப் பின் நல்லாப்பிள்ளையையும் கம்பருக்குப் பின் உத்தர காண்டத்தையும் அலமாரியில் வைத்திருக்கும் நமக்கு இரண்டாம் கை என்பது தீட்டல்ல.

பணம் பற்றியும் ஒரு சொல். புத்தகத்துக்கு நம் நாட்டில் முழு வாட் வரி உண்டு, 2018 முதல் 15 விழுக்காடு; இறக்குமதி நூலின் விலையோடு அது சேரும்போது பெட்டித் தொகுப்பு ஒரு மாதச் சாமான் செலவுக்கு வந்துவிடும். அடுத்த வரிசையை நீங்களே வாங்குவதானால் ஒரு தொகுதி மட்டும் வாங்குங்கள், அல்லது கிளை நூலகத்தில் இரவல் கேளுங்கள். உங்கள் கிளையில் இல்லாததை வேறு கிளையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். முழுப்பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு நிறுத்தும் மனம் வராது.

தமிழிலேயே இப்படி நீண்ட ஒன்று உண்டா என்றால், ஜெயமோகனின் வெண்முரசு உண்டு: மாபாரதத்தை 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் எழுதிய 26 நாவல்கள், இன்றும் காசில்லாமல் படிக்கலாம். அதைக் கம்பரைப்போலவும் கூத்தைப்போலவும் அணுகலாம் என்பது என் அனுபவம், ஏனென்றால் கதை நமக்கு முன்பே தெரியும். 'முதற்கன'லில் தொடங்குவது முறை. கர்ணன்மேல் பிரியம் உள்ளவர் ஒன்பதாவதான 'வெய்யோ'னில் நுழைந்தாலும் வழி தவறமாட்டார். நம் ஊரில் தமிழை மாலைப் பள்ளியில் கற்றவர்களுக்கு அதன் மொழி முதலில் கடினமாக இருக்கும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்குமேல் முயல வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது இது. எட்டாவதில் மிச்சமிருப்பதை அத்தியாயச் சுருக்கமாக எங்கேனும் படித்துவிட்டு மூடுங்கள். மறந்துபோன பெயர்களுக்கு ஒவ்வொரு தொகுதியின் பின்னாலும் அகராதி இருக்கிறது, முதலிலிருந்து திரும்பப் படிக்க வேண்டியதில்லை. ஒன்பதாவதை எடுத்து, மேட் வரும் அத்தியாயங்களையும் கடைசி அத்தியாயத்தையும் ஒரு சொல் விடாமல் படியுங்கள்; நடுவில் உள்ளவற்றை விரைவாகப் புரட்டினாலும் பாவமில்லை. கடைசிப் பக்கத்தை முடித்த அன்றிரவு அடுத்ததை எடுக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் அவர்கள் நினைவில் நடமாடினால், பத்தாவதைச் சுருக்கத்தில் கடந்து நேரே பதினொன்றுக்குப் போங்கள். அங்கிருந்து முடிவுவரை ஓட்டம் குறையாது. நடமாடவில்லையென்றால் பெட்டியை அக்காள் மகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், 'நியூ ஸ்பிரிங்'கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு. அது மற்றவற்றைவிடச் சிறியது; மொய்ரெய்னை இவ்வளவு அறிந்த பிறகு படிக்க நன்றாக இருக்கும்.